கோப்பை கிடைத்தது... பெயர் கிடைத்ததா?



2025 ஜூன் 22ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்கக் கூடைப்பந்து உலகத்தில் அன்று ஒரே நாளில் இரண்டு பெரிய செய்திகள் வெளியாகின.

முதல் செய்தி: கெவின் டுரான்ட் என்ற நட்சத்திர வீரர், பீனிக்ஸ் சன்ஸ் அணியிலிருந்து ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்கு மாற்றப்படுகிறார்.

இரண்டாவது செய்தி: ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி, இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் இண்டியானா பேசர்ஸ் அணியை 103-91 என்ற புள்ளிகளில் வென்று சாம்பியன் ஆனது. 2008ல் அந்த ஊருக்கு வந்த பிறகு, தண்டர் வாங்கிய முதல் கோப்பை இது.

'இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கிறீர்களா? இருக்கிறது! ஒரு காலத்தில் டுரான்ட், இதே தண்டர் அணியின் செல்லப்பிள்ளை. 2016ல் அந்த அணியை விட்டுப் போனவர். போன இடத்தில் இரண்டு கோப்பைகளை வென்றார். ஆனாலும், 'டுரான்ட் பெரிய வீரர்தான், ஆனால்...' என்று இழுப்பவர்கள் இன்றும் உண்டு. கோப்பை வென்றவருக்கு எதற்காக இந்த 'ஆனால்'? அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

முதலில் விதிகள்

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகத்தின் பெயர் என்.பி.ஏ. இது 1946ல் தொடங்கியது. இப்போது இதில் 30 அணிகள் இருக்கின்றன. ஒவ்வொரு அணியும் ஒரு சீசனில் 82 ஆட்டங்கள் ஆடும். முன்னணியில் இருப்பவை அடுத்த சுற்றுகளுக்குப் போகும். அங்கே ஒரே ஆட்டத்தில் முடிவு தெரிந்துவிடாது. ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் ஏழு ஆட்டங்கள். முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் அணியே மேலே போகும்.

கிரிக்கெட்டில் களத்தில் 11 பேர். கூடைப்பந்தில் ஐந்தே பேர்! ஐந்து பேரில் ஒருவர் அபாரத் திறமைசாலி என்றால், அணியின் பலமே மாறிவிடும். அதனால்தான், ஒரு நட்சத்திர வீரர் எந்த அணியில் சேருகிறார் என்பது இவ்வளவு பெரிய செய்தி ஆகிறது.

பணக்கார அணிகளே எல்லா நல்ல வீரர்களையும் வளைத்துப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? மற்ற ஊர்க்காரர்களுக்குப் பார்க்கவே பிடிக்காது. இதைத் தடுக்க இரண்டு ஏற்பாடுகள் உண்டு.

ஒன்று, புது வீரர் தேர்வு. முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிகளுக்கு, சிறந்த இளம் வீரர்களை எடுக்க முதல் வாய்ப்பு கிடைக்கும். வரிசையின் தலைப்பக்கம் குலுக்கல் முறையில் முடிவாகும். வீரரை அணிதான் எடுக்கும். வீரர் தனக்குப் பிடித்த அணியைக் கேட்டு வாங்க முடியாது.

மற்றொன்று, சம்பள வரம்பு. ஓர் அணி தன் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்.

ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் வீரருக்குச் சுதந்திரம். 'இங்கேயே இருக்கலாமா, வேறு அணிக்குப் போகலாமா?' என்று அவரே முடிவெடுக்கலாம். நம் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இன்னும் ஒரே ஒரு வெற்றி!

டுரான்ட், 1988ல் பிறந்தவர். கிட்டத்தட்ட 7 அடி உயரம். அந்த உயரத்தில் இருப்பவர்கள் பொதுவாகக் கூடைக்கு அருகில் நின்றுதான் புள்ளி எடுப்பர். இவரோ தொலைவிலிருந்தும் குறி தவறாமல் வீசுவார். 2007ல் இவரை எடுத்தது சியாட்டில் அணி. அடுத்த ஆண்டே அந்த அணி ஓக்லஹோமா சிட்டிக்கு இடம் மாறி, 'தண்டர்' என்று பெயர் வைத்துக்கொண்டது.

ஓக்லஹோமா சிட்டி, நியூயார்க் போலவோ லாஸ் ஏஞ்சலஸ் போலவோ பெரிய நகரம் அல்ல. அந்த ஊர் மக்கள் தண்டர் அணியைத் தங்கள் வீட்டுப் பிள்ளை போலக் கொண்டாடினர். 2012ல் அணி இறுதிச் சுற்று வரை போய்த் தோற்றது. 2014ல் சீசனின் மிகச் சிறந்த வீரர் விருது டுரான்டுக்குக் கிடைத்தது. மேடையில் அவர் கண்கலங்கி, 'இந்த விருதுக்கு உண்மையில் உரியவர் என் அம்மாதான்' என்ற பொருளில் பேசியதை ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை.

2016ல் வந்தது பெரிய சோதனை. அந்த சீசனில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி, 82 ஆட்டங்களில் 73ஐ வென்று புதிய சாதனை படைத்திருந்தது. ஸ்டீபன் கர்ரி, கிளே தாம்சன், டிரேமண்ட் கிரீன் என்று வரிசையாகச் சிறந்த வீரர்கள். இறுதிச் சுற்றுக்கு முந்தைய சுற்றில் அந்த அணியோடு மோதியது தண்டர். நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது, தண்டர் 3, வாரியர்ஸ் 1. இன்னும் ஒரே ஒரு வெற்றி போதும்!

அந்த ஒரு வெற்றி வரவே இல்லை. அடுத்த மூன்று ஆட்டங்களையும் வாரியர்ஸ் வென்றது.

அப்போது டுரான்டின் ஒப்பந்தம் முடிந்திருந்தது. ஜூலை 4ம் தேதி அவர் தன் முடிவை அறிவித்தார். எந்த அணியில் சேர்ந்தார் தெரியுமா? தன்னைத் தோற்கடித்த அதே வாரியர்ஸ் அணியில்!

'சம்பள வரம்பு இருக்கிறதே, இத்தனை நட்சத்திரங்களை ஒரே அணி எப்படி வைத்துக்கொள்ள முடியும்?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்த ஆண்டில்தான் தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் கொட்டியது. அதனால் சம்பள வரம்பு, 7 கோடி டாலரிலிருந்து ஒரேயடியாக 9 கோடியே 40 லட்சம் டாலர் அளவுக்கு உயர்ந்தது. அந்த இடைவெளியில் டுரான்டுக்கு இடம் கிடைத்தது. விதியை யாரும் மீறவில்லை. எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

ஆனாலும், ஓக்லஹோமா சிட்டி மக்களின் மனம் உடைந்தது. 2017 பிப்ரவரியில் டுரான்ட் எதிரணி வீரராக அங்கே ஆட வந்தபோது, அரங்கம் முழுவதும் கூச்சல். 'கப்கேக்' என்று கத்தினர். 'இவர் கேக் போல மெத்தென்ற ஆள், உறுதி இல்லாதவர்' என்ற கேலி அது. சிலர் கப்கேக் போலவே உடை தைத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டனர்! டுரான்ட் அசரவில்லை. 34 புள்ளிகள் எடுத்தார், வாரியர்ஸ் வென்றது.

2017, 2018 இரண்டு ஆண்டுகளும் வாரியர்ஸ்தான் சாம்பியன். இரண்டு இறுதிச் சுற்றுகளிலும் சிறந்த வீரர் விருது டுரான்டுக்கே கிடைத்தது. அணியில் மற்றவர்களும் தங்க வேண்டும் என்பதற்காக, 2017ல் தனக்குக் கிடைக்கக்கூடிய சம்பளத்தைவிடக் குறைவாகவே வாங்கிக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகு ஏன் அந்த 'ஆனால்'? 2017ல் கடைசிக் கட்டச் சுற்றுகளில் வாரியர்ஸ் ஆடிய 17 ஆட்டங்களில் 16 வெற்றி! 'ஏற்கெனவே சாம்பியன் ஆன அணி, ஏற்கெனவே 73 ஆட்டங்களை வென்ற அணி. அதில் இவரும் சேர்ந்தால் யார்தான் ஜெயிக்க முடியும்?' என்று ரசிகர்கள் அலுத்துக்கொண்டனர்.

அதே ஆண்டு, இன்னொரு வீரர்

இந்த இடத்தில் நாம் லெப்ரான் ஜேம்சைப் பற்றிப் பேச வேண்டும். அவரும் அணி மாறியவர்தான். அவர் வாங்கிய வசவு டுரான்ட் வாங்கியதைவிடக் குறைந்ததல்ல.

ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊரில் பிறந்தவர் லெப்ரான். 2003ல் அவரை எடுத்த கிளீவ்லாந்து கேவலியர்ஸ், பக்கத்து ஊர் அணி. ஏழு சீசன் ஆடியும் கோப்பை கிடைக்கவில்லை. 2010 ஜூலையில், தொலைக்காட்சியில் தனி நிகழ்ச்சி ஒன்றே ஏற்பாடு செய்து, நாடே பார்த்துக்கொண்டிருக்க, மயாமி ஹீட் அணிக்குப் போவதாக அறிவித்தார். அங்கே டுவைன் வேட், கிறிஸ் போஷ் என்று இரண்டு நட்சத்திரங்கள் அவருக்குத் துணை.

கிளீவ்லாந்து கொதித்தது. அவர் பெயர் போட்ட பனியன்களை ரசிகர்கள் தெருவில் போட்டுக் கொளுத்தினர். அந்த நிகழ்ச்சியின் விளம்பர வருமானத்தில் சுமார் 25 லட்சம் டாலர் சிறுவர் மன்றங்களுக்குப் போனது. அதைக்கூட யாரும் பாராட்டவில்லை. 'விட்டுப் போவதையே விழாவாகக் கொண்டாடினாரே' என்றுதான் வருந்தினர்.

மயாமியில் 2012, 2013 என இரண்டு கோப்பைகளை வென்றார். அதோடு நின்றிருந்தால், அவர் கதையும் டுரான்ட் கதையும் ஒன்றுபோல் இருந்திருக்கும். 2014ல் அவர் மறுபடி கிளீவ்லாந்துக்கே திரும்பினார். அந்த நகரத்தின் எந்தப் பெரிய விளையாட்டு அணியும் 1964க்குப் பிறகு சாம்பியன் ஆனதில்லை. அந்தப் பாரத்தை அவரே தோளில் ஏற்றிக்கொண்டார்.

2016 இறுதிச் சுற்று. எதிரணி எது தெரியுமா? டுரான்டின் அணியைத் தோற்கடித்துவிட்டு வந்த அதே வாரியர்ஸ்! நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது, வாரியர்ஸ் 3, கிளீவ்லாந்து 1. இறுதிச் சுற்றில் இப்படிப் பின்தங்கிய எந்த அணியும் அதுவரை கோப்பையை வென்றதில்லை. லெப்ரானும் அவரது நண்பர்களும் மீதி மூன்று ஆட்டங்களையும் வென்று காட்டினர். 52 ஆண்டுகளுக்குப் பிறகு கிளீவ்லாந்துக்குக் கோப்பை!

இது நடந்தது ஜூன் 19. சரியாக 15 நாள் கழித்து, டுரான்ட் வாரியர்ஸில் சேர்ந்தார். ஒரே கோடைக்காலத்தில், ஒருவர் அந்தப் பலசாலி அணியை எதிர்த்து நின்று வென்றார். மற்றவர் அதே அணியோடு சேர்ந்துகொண்டார். மக்கள் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருப்பார்களா?

2018ல் லெப்ரான் மீண்டும் கிளீவ்லாந்தை விட்டு, லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்குப் போனார். 2010ல் எழுந்த கோபம் இந்த முறை எழவில்லை. ஏனென்றால், பட்ட கடனை அடைத்துவிட்டுத்தான் கிளம்பினார். 2020ல் லேக்கர்ஸுக்கும் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 2023ல், என்.பி.ஏ. வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவர் என்ற சாதனையும் அவருடையது ஆனது.

இருந்த இடத்திலேயே இருந்தவர்கள்

ஜெர்மனிக்காரர் டிர்க் நொவிட்ஸ்கி, 1998ல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணிக்கு வந்தார். 2006ல் இறுதிச் சுற்றில் தோல்வி. 2007ல் அணி 67 ஆட்டங்களை வென்றும், முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2010 கோடையில் அவருக்கும் ஒப்பந்தம் முடிந்தது. அவர் டல்லாசிலேயே தங்கினார். அடுத்த ஆண்டு இறுதிச் சுற்றில், மூன்று நட்சத்திரங்கள் கொண்ட மயாமியை டல்லாஸ் 4-2 என்று வென்றது. டிர்க் காத்திருந்தது 13 சீசன்! மொத்தம் 21 சீசன் ஒரே அணியில் ஆடி 2019ல் ஓய்வு பெற்றார். டல்லாஸ் அரங்கத்தின் வாசலில் இன்று அவருக்குச் சிலை இருக்கிறது. அவரிடம் இருப்பது ஒரே ஒரு கோப்பை. அதைப் பற்றிப் பேசும்போது யாரும் 'ஆனால்' சொல்வதில்லை.

'அப்படியானால், காத்திருந்தால் கோப்பை நிச்சயம்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். யூட்டா ஜாஸ் அணியில் 19 சீசன் ஆடியவர் ஜான் ஸ்டாக்டன். சக வீரர்கள் புள்ளி எடுக்கப் பந்து கொடுத்து உதவியதில், 15,806 என்ற எண்ணிக்கையோடு இன்றும் அவர்தான் முதலிடம். 1997, 1998 இறுதிச் சுற்றுகளில் மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ புல்ஸ் அணியிடம் தோற்றார். கடைசி வரை கோப்பை கிடைக்கவே இல்லை. காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு!

அணிகள் மட்டும் விசுவாசமா?

'விசுவாசம் இல்லாதவர்' என்று வீரரைத் திட்டுகிறோம். அணிகள் எப்படி நடந்துகொள்கின்றன?

டிமார் டிரோசன் என்ற வீரர், 2009 முதல் டொரன்டோ ராப்டர்ஸ் அணியில் ஆடினார். டுரான்ட் அணி மாறிய அதே 2016 கோடையில் இவருக்கும் ஒப்பந்தம் முடிந்தது. இவர் வேறு எந்த அணியோடும் பேசக்கூட இல்லை, டொரன்டோவிலேயே இருந்தார். பலன்? 2018ல் அந்த அணி இவரை சான் அன்டோனியோவுக்கு மாற்றிவிட்டது. மறு ஆண்டு டொரன்டோ சாம்பியன் ஆனது. டிரோசன் அங்கே இல்லை.

டிர்க்குக்குச் சிலை வைத்த டல்லாசையே பாருங்கள். லூக்கா டான்சிச் என்ற இளம் வீரர் 2024ல் அந்த அணியை இறுதிச் சுற்று வரை கொண்டுபோனார். 2025 பிப்ரவரியில், யாரும் எதிர்பாராத நேரத்தில், அணி அவரை லேக்கர்ஸுக்கு மாற்றிவிட்டது. அவருக்கே அது அதிர்ச்சி! மனம் பொறுக்காத ரசிகர்கள் அரங்கத்தின் முன் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர்.

அணி வீரரை மாற்றினால் அதற்குப் பெயர் 'வியாபாரம்'; வீரர் அணியை மாற்றினால் அதற்குப் பெயர் 'துரோகம்'. இது என்ன நியாயம்? வகுப்பில் சண்டை வந்தால், இரண்டு பக்கமும் விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது அல்லவா! அந்த முறை இங்கும் பொருந்தும். உழைப்பவருக்குத் தன் வேலையிடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. டுரான்ட் செய்தது குற்றம் அல்ல.

மூன்று கேள்விகள்

குற்றம் இல்லை என்றால், பெயர் ஏன் குறைந்தது? இந்த வீரர்களின் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், மக்கள் மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள் என்பது புரிகிறது.

ஒன்று: போன இடத்தில் இவருக்காக வேலை காத்திருந்ததா, அல்லது முக்கால்வாசி வேலை முன்பே முடிந்திருந்ததா? 2014ல் லெப்ரான் போன கிளீவ்லாந்தில் எல்லாமே பாக்கி. 2016ல் டுரான்ட் போன வாரியர்ஸில், அவர் இல்லாமலே 2015 கோப்பை வந்திருந்தது. 2022ல் கர்ரி தலைமையில், டுரான்ட் இல்லாமலே இன்னொரு கோப்பையும் வந்தது. அவர் ஆட்டத்தில் குறையே இல்லை. ஆனால், 'அவர் இல்லாவிட்டால் நடந்திருக்காது' என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

இரண்டு: எப்படி விடைபெற்றார்? 2010ல் ஊரைக் கோபப்படுத்தியது லெப்ரானின் முடிவு மட்டும் அல்ல. அதை அறிவித்த விதமும்தான். நான்கு ஆண்டு கழித்துத் திரும்பியபோது, ஒரு பத்திரிகைக் கட்டுரை மூலம் அமைதியாகச் சொன்னார்.

மூன்று: அதற்குப் பிறகு என்ன செய்தார்? 2019 இறுதிச் சுற்றில் டுரான்டின் குதிகால் தசைநார் அறுந்தது. அதன் பிறகு புரூக்ளின் நெட்ஸ் அணிக்குப் போனார். 2021ல் மில்வாக்கி பக்ஸ் அணியோடு ஏழாவது ஆட்டம். கடைசி விநாடியில் தொலைவிலிருந்து பந்தை வீசிக் கூடையில் போட்டார். மூன்று புள்ளி கிடைத்திருந்தால் வெற்றி. ஆனால், அவர் பாதத்தின் நுனி கோட்டின் மேல் பட்டிருந்தது, இரண்டு புள்ளிதான்! ஆட்டம் சமன் ஆகி, கூடுதல் நேரத்தில் புரூக்ளின் தோற்றது. அந்த ஆண்டு சாம்பியன் மில்வாக்கி. அதன் நட்சத்திரம் யானிஸ் அன்டெடோகும்போ, அதற்கு ஏழு மாதம் முன்புதான் 'இங்கேயே இருக்கிறேன்' என்று ஒப்பந்தம் போட்டவர். பிறகு 2023ல் டுரான்ட் பீனிக்ஸ் போனார். வாரியர்ஸை விட்ட பிறகு 2025 வரை அவருக்கு என்.பி.ஏ. கோப்பை கிடைக்கவில்லை.

அதற்காக அவரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 2025 பிப்ரவரியில் 30,000 புள்ளிகளைத் தொட்டார். அந்த எண்ணிக்கையை எட்டியவர்களில் அவர் எட்டாவது வீரர். ஒலிம்பிக்கில் நான்கு தங்கம். அறுந்த தசைநாரோடு எழுந்து வந்து இத்தனையும் செய்வது எளிதல்ல.

ஆக, புள்ளிகளும் கோப்பைகளும் வீரரின் கையில் இருக்கின்றன. பெயர் மட்டும் பிறர் வாயில் இருக்கிறது. எத்தனை முறை வென்றார் என்று புத்தகம் எழுதி வைக்கும். எவ்வளவு பாரம் சுமந்து வென்றார் என்பதை மக்கள் நினைவில் வைத்துக்கொள்வர். பாரம் குறைந்த வழியைத் தேர்ந்தெடுக்க எல்லாருக்கும் உரிமை உண்டு. பாரம் சுமந்தவருக்குக் கிடைக்கும் பாராட்டையும் சேர்த்துக் கேட்கத்தான் முடியாது.

பள்ளியில் குழு வேலை கொடுக்கும்போது, முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளின் குழுவில் சேர எல்லாரும் முண்டியடிப்பது வழக்கம்தான். சேர்வதில் தப்பில்லை. சேர்ந்த பிறகு, 'இதில் நான் செய்தது எது?' என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் சொல்ல முடிந்தால் சந்தோஷம். முடியாவிட்டால், அடுத்த முறை ஆள் குறைவாக இருக்கும் குழுவில் போய்ச் சேர்ந்து பாருங்கள்.

சரி, உங்களுக்கு ஒரு பயிற்சி. 2016 ஜூலையில் டுரான்டின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன முடிவு எடுத்திருப்பீர்கள்? 'இருப்பேன்' என்றால் அதற்கு மூன்று காரணம். 'போவேன்' என்றால் அதற்கு மூன்று காரணம். ஒரு தாளில் எழுதி, நண்பர்களோடு வாதாடிப் பாருங்கள். ஒரு நிபந்தனை: எதிர்க்கட்சி நண்பர் சொல்லும் நல்ல காரணம் ஒன்றையாவது, உங்கள் தாளின் கீழே எழுதிக்கொள்ள வேண்டும்!